காலைக் கடலுக்காகப் போட்ட தீவுத் திட்டம்

கோலாலம்பூரில் யாராவது “மூணு நாள் லீவு இருக்கு, தீவுக்குப் போய்ப் பவளப்பாறை பார்க்கணும்” என்று சொன்னால், நான் முதலில் கேட்பது எந்த மாதம் என்றுதான். எந்தத் தீவு, எந்த விடுதி, எவ்வளவு செலவு என்பதெல்லாம் அப்புறம். தீபகற்ப மலேசியாவின் நல்ல பவளப்பாறைகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், தென் சீனக் கடலில் இருக்கின்றன. அங்கே நவம்பர் தொடங்கி ஏறக்குறைய மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அலை உயரும், மழை கொட்டும், பல விடுதிகள் மூடிவிடும், படகும் ஒழுங்காக ஓடாது. நம் வீடுகளில் எல்லாருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பது எப்போது? தீபாவளி, ஆண்டு இறுதி, பொங்கல், தைப்பூசம். எல்லாமே அந்தக் காற்றுக் காலத்தில்தான் வருகின்றன, அல்லது அதை ஒட்டி வருகின்றன. தீபாவளி லீவில் தீவுக்குப் போகலாம் என்று மாமா, அத்தை எல்லாரும் கூடிப் பேசும்போது அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

மார்ச்சில் விடுதிகள் திறந்தாலும் சில வாரங்களுக்குத் தண்ணீர் கலங்கலாக இருக்கலாம். ஏப்ரல் கடைசியில் இருந்து ஜூலை வரை கடல் பொதுவாக அமைதி. ஆகஸ்ட், செப்டம்பரும் நன்றாக இருக்கும், நடுவில் ஓரிரு நாள் காற்று அடிக்கும். செப்டம்பர் நடுவில் புரட்டாசி தொடங்கிவிடும் என்பதையும் சைவம் இருக்கும் குடும்பங்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். தீவுச் சாப்பாடு முழுக்க மீனும் கோழியும்தான். நாங்கள் பள்ளி விடுமுறை இல்லாத ஒரு ஜூன் வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். மகளுக்கு இரண்டு நாள் பள்ளி போனது. அறை வாடகையிலும் கடலில் இருந்த கூட்டத்திலும் கண்ட வித்தியாசத்தைப் பார்த்தபோது அது தகும் என்றே எனக்குப் பட்டது.

பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் இருக்கும் என் சித்தி மகள் வேறு மாதிரிக் கேட்டாள். “அக்கா, கிரிக், ஜெலி மலைச்சாலையில் அவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு நான் ஏன் கிழக்கே வரணும்? இங்கேயே பாயார் இருக்கே?” நியாயமான கேள்வி. பாயார் தீவு லங்காவிக்குத் தெற்கே, கெடா மாநிலக் கடலில் இருக்கிறது. கிழக்குத் தீவுகளைப் போல அதுவும் அரசு பாதுகாக்கும் கடல் பூங்காதான். ஆனால் மலாக்கா நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் சேறு, நீரோட்டம், கப்பல் போக்குவரத்து எல்லாம் சேர்ந்து தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும். கிழக்கே நல்ல நாளில் பத்து, பதினைந்து மீட்டர் தூரம் தெளிவாகத் தெரியும்போது இங்கே அதில் பாதி தெரிந்தாலே மகிழ்ச்சி. இன்னொரு பக்கம், கிழக்குத் தீவுகள் மூடிக்கிடக்கும் டிசம்பர், ஜனவரியில் மேற்குக் கடல் அமைதியாக இருக்கும். அந்த மாதங்களில்தான் லீவு என்றால் மேற்கே போவதே சரி. போகும் முன் அந்த இடம் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பவளங்கள் நலிந்திருக்கும்போது மூடுவது உண்டு. 2010 ஜூலையில் தியோமான், ரெடாங் கடலில்கூட சில முக்குளிப்பு இடங்களை அப்படி மூடினார்கள்.

கோலாலம்பூரில் இருந்து போகக்கூடியவை என்று பார்த்தால் தெற்கே தியோமான், அதற்கு வடக்கே காப்பாஸ், ரெடாங், லாங் தெங்கா, பெர்ஹெந்தியான். தியோமான் பெரிய தீவு. மெர்சிங் அல்லது தஞ்சோங் கெமோக் துறையில் இருந்து படகு. மெர்சிங்கில் கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் படகு நேரம் போடுவார்கள், அதனால் நேரம் நாளுக்கு நாள் மாறும். ரெடாங்கில் சாப்பாடு, படகு, ஸ்நோர்கெலிங் (கண்ணாடி மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி, மேலே மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) எல்லாம் சேர்த்த பேக்கேஜ் அதிகம். எதையும் தேடி அலைய வேண்டாம் என்பவர்களுக்கு அது நிம்மதி. காப்பாஸ் மாராங் துறையில் இருந்து கால் மணி நேரம்தான். கைக்குழந்தையோ மிக வயதானவர்களோ கூட வந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

நாங்கள் பெர்ஹெந்தியானைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். தங்கும் கரையில் இருந்து நடந்தே தண்ணீரில் இறங்கிப் பவளப்பாறையை அடைய வேண்டும். குறுகிய பயணத்துக்கு இதைவிடப் பெரிய விஷயம் இல்லை என்பது என் கருத்து. படகு ஏறினால்தான் பவளம் என்றால், படகு கிளம்பும் நேரம்தான் நம் நேரம். அது ஒன்பதரைக்கும் கிளம்பலாம், பத்தரைக்கும் கிளம்பலாம். அறை வாசலில் இருந்தே இறங்க முடிந்தால் காலை ஏழரைக்கு, கடல் கண்ணாடியாகக் கிடக்கும்போது நாம் தண்ணீரில் இருக்கலாம். அந்தப் பருவத்தில் பெரும்பாலான நாள்களில் காலையில் காற்று குறைவு. மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பி அலை எழும்பும், மணல் கலங்கும், சில நாள் மாலையில் இடி மழையும் வரும். வெயில் ஏறிய பிறகு முதுகு தாங்காது. ஆக, குறுகிய பயணத்தில் உண்மையான சொத்து காலை ஏழரையில் இருந்து பத்தரை வரையிலான நேரம்தான். மூன்று நாள் பயணம் என்றால் அப்படிப்பட்ட காலைகள் இரண்டு, சரியாகத் திட்டம் போட்டால் மூன்று. அறை பெரியதா, சாப்பாட்டில் எத்தனை வகை, கரையில் ஊஞ்சல் இருக்கிறதா என்பதையெல்லாம் நான் அந்தக் காலைகளுக்குப் பிறகுதான் வைத்தேன்.

பயண வழியும் அப்படித்தான் முடிவானது. பெர்ஹெந்தியானுக்குப் படகுத்துறை திரெங்கானுவில் இருக்கும் கோலா பெசுட். கோலாலம்பூரில் இருந்து காரில் காராக் வழியாகக் கிழக்குக்கரை நெடுஞ்சாலையைப் பிடித்துப் போனால் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. பண்டார் தாசிக் செலாத்தான் முனையத்தில் இருந்து இரவுப் பேருந்து உண்டு. விமானம் என்றால் கோத்தா பாருவுக்கு ஒரு மணி நேரம், அங்கிருந்து டாக்சியில் இன்னொரு மணி நேரம். இரவுப் பேருந்து ஒரு நாளை மிச்சம் செய்யும் என்பார்கள். இளைஞர்களுக்குச் சரி. அம்மாவோடு போகும்போது, தூங்காத உடம்போடு முதல்முறை கடலில் இறங்குவதை நான் விரும்பவில்லை. நாங்கள் முதல் நாள் மதியமே காரில் கிளம்பி, துறைக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண விடுதியில் இரவு தூங்கி, மறுநாள் முதல் படகில் ஏறினோம். அந்த ஒரு இரவு வாடகை பயணத்தில் செய்த நல்ல செலவுகளில் ஒன்று.

கிழமையும் முக்கியம். திரெங்கானு, கிளந்தான் மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நம் பக்கத்துக் கூட்டம் சனி, ஞாயிறு. இரண்டும் சேர்ந்து சனிக்கிழமை தீவு பிதுங்கும். ஞாயிற்றுக்கிழமை காலை தீவுக்குப் போய்ச் செவ்வாய் அல்லது புதன் திரும்பினால், நாம் இறங்கும்போது மற்றவர்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். இதற்கு ஒரு சென்கூட அதிகம் ஆகாது.

இனி, எல்லாவற்றையும்விட அதிகம் பலன் தந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். போவதற்கு முன்னால் வாரக் கடைசிகளில் கோலாலம்பூர் செந்தூலில் தம்பி குடியிருக்கும் அடுக்குமாடி (கோண்டோ) நீச்சல் குளத்தில் எல்லாரும் பழகினோம். நம் குடும்பங்களில் பெரியவர்கள் பலருக்கு நீச்சல் தெரியாது. அதற்காக அவர்களைக் கரையில் பைகளுக்குக் காவல் வைத்துவிட்டு நாம் மட்டும் இறங்குவது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஸ்நோர்கெலிங்குக்கு வேகமாக நீந்தத் தெரிய வேண்டியதில்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்து, வாயால் நிதானமாக மூச்சு விட்டு, பதறாமல் மிதக்கத் தெரிய வேண்டும். அதைக் கடலில் முதல்முறையாகக் கற்றுக்கொள்ளக் கூடாது. இடுப்பளவு ஆழத்தில் நின்று, குளத்தின் விளிம்பைப் பிடித்தபடி முகத்தை மட்டும் வைத்து மூச்சு விடுவது முதல் படி. அப்புறம் லைஃப் ஜாக்கெட்டோடு குப்புற மிதப்பது. அதன் பிறகு குழாய்க்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு ‘ஃபூ’ என்று பலமாக ஊதி வெளியேற்றுவது. கடைசியாக, குப்புற மிதக்கும் நிலையில் இருந்து கால்களைக் கீழே கொண்டுவந்து நிமிர்ந்து நிற்பது. லைஃப் ஜாக்கெட் உடம்பை மேலே தள்ளுவதால் இந்தக் கடைசிப் படிதான் பலருக்குச் சிரமம். அம்மாவுக்கு இது பழக நாள் பிடித்தது. ஆனால் கடலில் முதல் அலை முகத்தில் அடித்தபோது அவர் தானாகவே ஊதி, நிமிர்ந்து, “சரி, சரி, ஒண்ணுமில்ல” என்று கையசைத்தார்.

மாஸ்க் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். வாடகை மாஸ்க்குகளில் பல, ரப்பர் இறுகிப்போய், பட்டி தளர்ந்து இருக்கும். குடும்பத்தில் ஆளுக்கொன்று சொந்தமாக வாங்கிவிடுவது நல்லது. குழாயும், காலில் மாட்டும் ஃபின்னும் வாடகைக்கு எடுக்கலாம். மாஸ்க்கைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பட்டியைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் அது முகத்தில் ஒட்டியே நின்றால் அது உங்கள் அளவு. என் கணவருக்கு அடர்ந்த மீசை. மீசை முடி இருக்கும் இடத்தில் சிலிக்கான் தோலோடு ஒட்டாது, தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு அளவுக்கு மீசையின் மேல்பகுதியை அவர் கத்தரித்துக்கொண்டார். பெண்களுக்குத் தலைமுடி: ஒரு முடி உள்ளே மாட்டினாலும் கசியும். அன்று காலை தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள், பட்டி வழுக்கும். புது மாஸ்க் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையை விரலால் தேய்த்துக் கழுவினால்தான் பனி படியாமல் இருக்கும். கடலில் இறங்கும்போது ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பு போதும். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பவர் கண்ணாடி போட்ட மாஸ்க் கோலாலம்பூர் முக்குளிப்புக் கடைகளில் கிடைக்கும். கண்ணாடி இல்லாமல் போய் மங்கலான நிறங்களை மட்டும் பார்த்துத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். முகம் முழுவதையும் மூடும் வகை மாஸ்க்கை நான் வீட்டில் யாருக்கும் வாங்கித் தரவில்லை. அவசரத்தில் சட்டென்று கழற்ற முடியாது, சரியாகப் பொருந்தாவிட்டால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும் நிலை வரும்.

உடை பற்றி நம் பெண்களுக்குத் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்துக்குத் தேவையே இல்லை. கைநீளமான நீச்சல் சட்டையும் முழுநீளக் கால்சட்டையும்தான் பவளப்பாறைக்குப் போகச் சரியான உடை. வெயிலில் இருந்தும், ஜெல்லிமீன் உரசலில் இருந்தும் அதுதான் காக்கும். பருத்திச் சுடிதாரோடு இறங்குவதுதான் ஆபத்து. தண்ணீரில் ஊறி நகர்வதைக் கடினமாக்கும், துணி காலில் சுற்றும். உடம்பை மூடிவிட்டால் சன்ஸ்கிரீன் முகத்துக்கும் கழுத்துக்கும் கைக்கும் மட்டும் போதும். அதிலும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்ததை வாங்காதீர்கள். அவை பவளத்தைப் பாதிக்கும் என்ற காரணத்தால் ஹவாய் மாநிலம் 2018இல் சட்டம் இயற்றி, 2021இல் இருந்து அவற்றின் விற்பனையைத் தடுத்திருக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தில் சிங்க் ஆக்சைடு என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை. நம் சமூகத்தில் இது எவ்வளவு வீடுகளில் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. கடலில் மிதப்பது பார்ப்பதற்குச் சோம்பல் வேலை மாதிரித் தெரிந்தாலும் இதயத்துக்கு அது உழைப்புதான். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். நாங்கள் கேட்டோம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் காயம்தான் பெரிய கவலை. பவளத்தில் கீறினால் அதன் துகள் உள்ளே தங்கி ஆறாமல் இழுக்கும். அம்மாவுக்கு ரப்பர் அடிப்பாகம் வைத்த கடல் காலணி வாங்கினோம். அறையில் இருந்து தண்ணீர் வரை, தண்ணீரில் இருந்து அறை வரை அது காலிலேயே இருந்தது. கிருமிநாசினி, கட்டுத்துணி, மாத்திரைகள் எல்லாம் தண்ணீர் புகாத பையில். தீவின் மீனவர் கிராமத்தில் சிறிய கிளினிக் இருக்கிறது. மருத்துவமனை என்றால் கரைக்கு வந்து ஜெர்த்தேவுக்குப் போக வேண்டும். விரைவுப் படகில் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். முதுகுவலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிப் பின்பக்கம் உட்கார வேண்டும். கர்ப்பிணிகள் அந்தப் படகில் ஏறாமல் இருப்பதே நல்லது. குமட்டல் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் தங்கியது பெர்ஹெந்தியானின் இரண்டு தீவுகளில் பெரியதான பெசாரின் மேற்குக் கரையில், தெலுக் பாவ் என்ற விரிகுடாப் பக்கம். முதல் காலையில் மணல் இன்னும் குளிர்ந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரிலேயே மாஸ்க்கை வைத்துப் பார்த்தோம். முதலில் வெறும் மணல், அதில் கடற்புல். இன்னும் கொஞ்சம் பாறை ஓரமாகப் போனதும் நிறம் மாறியது. மான்கொம்புப் பவளங்கள் கிளைகிளையாக, அவற்றுக்குள் நீலச் சிறு மீன்கள் நாம் நெருங்கினால் ஒன்றாக உள்ளே ஒடுங்கி, விலகினால் ஒன்றாக வெளியே வந்தன. உருண்டையாக, மேலே வரிவரியாக மடிப்பு விழுந்த மூளைப் பவளம். கடற்சாமந்தியின் விரல்களுக்குள் கோமாளி மீன் இரண்டு. மகள் குழாய்க்குள்ளேயே கத்தினாள், என்ன சொன்னாள் என்று எல்லாருக்கும் புரிந்தது. தண்ணீருக்குள் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், பக்கத்திலும் தெரியும். கரையோரம் திரிந்த குட்டிக் கருமுனைச் சுறாவைப் பார்த்துத் தம்பி பின்வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் சுறா எங்களைவிட வேகமாக ஓடிவிட்டது. அது மனிதரைத் தேடி வரும் இனம் அல்ல. அப்புறம் ஒரு சத்தம். எங்கேயோ யாரோ முறுக்கைக் கடிக்கிற மாதிரி. பச்சையும் இளஞ்சிவப்புமான கிளிமீன்கள் அலகு போன்ற வாயால் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தன. பாசியைத் தின்ன அவை பவளக்கல்லையும் சேர்த்தே அரைக்கின்றன. அரைத்த கல் மணலாக வெளியேறுகிறது. நாம் படுத்துக்கிடக்கும் அந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு அவை தந்ததுதான்.

அம்மா லைஃப் ஜாக்கெட்டோடு என் கையைப் பிடித்தபடி மிதந்தார். கொஞ்ச நேரத்தில் கையை அவரே விட்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன். பெரியவர்கள் இறங்கும்போது ஒருவருக்கு ஒருவர் என்று கூடவே இருக்க வேண்டும். நல்ல மீன் தெரிந்தாலும் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது.

அந்தப் பாறையின் ஓரத்தில் சில பவளங்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. “அதுதான் ரொம்ப அழகு” என்றார் அம்மா கரைக்கு வந்ததும். சொல்லத்தான் வேண்டியிருந்தது, அது நலம் கெட்ட பவளம் என்று. பவளம் கல் அல்ல, மிகச் சிறிய உயிரினங்கள் கூட்டமாகச் சேர்ந்து கட்டும் வீடு. அவற்றின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு செய்து அவற்றுக்குத் தருகிறது. நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியால்தான். கடல்நீரின் வெப்பம் கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி அளவு கூடி அது சில வாரம் நீடித்தால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். பிறகு மிஞ்சுவது வெள்ளை. உடனே செத்துவிடாது. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் மீளலாம், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது பவள வெளுப்பை அறிவித்தார்கள். கடலின் வெப்பத்தை நாம் ஒரு குடும்பமாக மாற்ற முடியாது. ஆனால் நலிந்திருக்கும் ஒன்றை மிதிக்காமல் இருக்க முடியும். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். அதன் மேல் ஏறி நின்று மாஸ்க்கைச் சரிசெய்கிறவர்களை நான் பார்த்தேன். களைத்துப்போனால் மல்லாந்து மிதக்க வேண்டும், அல்லது மணல் இருக்கும் இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். குளத்தில் பழகியதன் இன்னொரு பயன் இதுதான். பதறாதவர்களின் கால் கீழே எதையும் தேடாது.

இரண்டாம் நாள் படகுச் சுற்று போனோம். மூன்று மணி நேரத்தில் நான்கைந்து இடம் என்பது வழக்கமான பேக்கேஜ். அன்று எங்களைக் கூட்டிப்போனவர் ஒவ்வோர் இடத்திலும் அவசரப்படுத்தினார், மீன்களைக் கூட்டிக் காட்ட ரொட்டியையும் வீசினார். மீன்கள் கூட்டமாக வந்தன, பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஆனால் பாசியைத் தின்று பாறையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டிய மீனை ரொட்டிக்குப் பழக்குவது பாறைக்குக் கேடு, சில மீன்கள் மனிதரைக் கடிக்கவும் பழகும். கடல் பூங்காவில் அதற்கு அனுமதி இல்லை. என் கணவர் மலாயில் மரியாதையாகச் சொன்னார், “அபாங் (அண்ணே), ரொட்டி வேண்டாம், நாங்கள் பாறையைப் பார்த்தாலே போதும்” என்று. அவர் நிறுத்திக்கொண்டார். மறுநாள் தங்குமிடத்தில் விசாரித்து, கொஞ்சம் கூடுதல் வாடகைக்கு எங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஒரு சிறு படகு பேசி, இரண்டே இடம், ஒவ்வொன்றிலும் வேண்டிய நேரம் என்று போனோம். அப்படிப் பேச முடியும் என்பது பலருக்குத் தெரியாது. முதல் நாளே கேளுங்கள். பூங்காவின் எல்லை கரையில் இருந்து இரண்டு கடல் மைல். அதற்குள் மீன் பிடிக்கக் கூடாது, சிப்பியோ உடைந்த பவளமோ எடுத்துவரவும் கூடாது. பிள்ளைகளிடம் இதை வீட்டிலேயே சொல்லிவிட்டால் கரையில் அழுகை இருக்காது.

ஆமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெலுக் பாவில் பச்சை ஆமைகள் கடற்புல் மேய வரும். ஒன்று எங்களுக்குக் கீழே மேய்ந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆமைக்கு மூச்சு விட மேலே வர வேண்டும். எல்லாரும் அதன் தலைக்கு மேலேயே மிதந்தால் அது எப்படி வரும்? நாங்கள் சில மீட்டர் பக்கவாட்டில் விலகி நின்றோம், தம்பி மற்றவர்களுக்கும் கைகாட்டினான். அது மெதுவாக எழுந்து, தலையை நீட்டி மூச்சை விட்டுவிட்டு, எங்கள் பக்கமாகவே கீழே இறங்கியது. துரத்தியவர்களைவிட நாங்கள்தான் நன்றாகப் பார்த்தோம். பெர்ஹெந்தியானில் ஆமைகளின் முகச் செதில்களைப் படம் எடுத்து, இது எந்த ஆமை என்று அடையாளம் வைக்கும் பாதுகாப்புக் குழு ஒன்று இயங்குகிறது. பக்கவாட்டு முகம் தெளிவாகக் கிடைத்த படத்தை அவர்களுக்கு அனுப்பலாம்.

இனி ஆபத்துகள். தீவில் நான் அதிகம் பயந்தது மீனுக்கு அல்ல, படகுக்கு. டாக்சிப் படகுகள் கரைக்கு நெருக்கமாக வேகமாக வரும், தண்ணீரில் குப்புற மிதப்பவரை ஓட்டுநருக்குத் தெரியாது. மிதவைக் கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள், படகு வரும் வழியில் குறுக்கே நீந்தாதீர்கள். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் லைஃப் ஜாக்கெட் போடுங்கள், கால் இடுக்குப் பட்டியையும் மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஜாக்கெட் மேலே ஏறிக் கழுத்தை நெருக்கும். மீன்களில் டைட்டன் டிரிகர் மீனுக்கு மட்டும் மரியாதை கொடுங்கள். முட்டையிட்டிருக்கும் காலத்தில் கூட்டுக்கு மேலே, விரிந்துகொண்டே போகும் பகுதி முழுவதையும் அது தன் எல்லையாக வைத்திருக்கும். துரத்தினால் மேலே போகாமல் பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும். கருப்பு நீள முள் வைத்த கடல் முள்ளெலிகள் பாறை இடுக்குகளில் இருக்கும். காலைக் கீழே வைக்காதவரை அவற்றால் தொந்தரவு இல்லை.

சாப்பாடு பெரிய கதை இல்லை. சைவம் என்றால் காய்கறிப் பிரட்டலில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது போடுவார்கள், முன்பே சொல்லிவிட வேண்டும். நாங்கள் ஊறுகாய், இட்லிப் பொடி, ரொட்டி, பிள்ளைக்கு மிலோ கொண்டுபோனோம். தீவில் ஏடிஎம் இல்லை. அட்டை வாங்காத கடைகள் உண்டு, அதனால் ரொக்கம் கரையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைவிட முதுகுப் பை நல்லது. படகு சில கரைகளில் முழங்கால் தண்ணீரில்தான் இறக்கிவிடும்.

திரும்பும் படகு பெரும்பாலும் காலை 8, நண்பகல் 12, மாலை 4 மணிக்கு இருக்கும். நாங்கள் 12 மணிப் படகை எடுத்ததால் கடைசி நாள் காலையிலும் கடலில் இறங்க முடிந்தது. பத்தரைக்குக் கரையேறி, நல்ல தண்ணீரில் மாஸ்க்குகளை அலசி, ஈரத்துணியைத் தனிப் பையில் போட்டு, படகில் ஏறினோம். துறையருகே கெரோபோக் லேக்கோர் என்ற மீன் பலகாரத்தைப் பொட்டலமாகத் தாப்பாவ் செய்து, ஆள் மாற்றி மாற்றிக் காரை ஓட்டி, இரவு பத்து மணி வாக்கில் செந்தூல் வந்துவிட்டோம். மாலை 4 மணிப் படகு என்றால் நள்ளிரவு தாண்டித்தான் வீடு. காற்றுத் தொட்டி மாட்டி ஆழத்தில் இறங்கும் முக்குளிப்பைச் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் அதைக் கடைசி நாளில் வைக்கக் கூடாது, அதன் பிறகு விமானம் ஏற 18 மணி நேரம் விடுவது பாதுகாப்பு. ஸ்நோர்கெலிங்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கோத்தா பாருவில் இருந்து விமானம் என்றால் மாலை ஆறுக்குப் பிறகு கிளம்புவதைப் பாருங்கள். மதிய விமானம்தான் கிடைக்கிறது என்றால் காலை 8 மணிப் படகைத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அந்தக் காலை போய்விடும். அப்படியானால் தீவில் இன்னும் ஓர் இரவு கூட்டிக்கொள்ளுங்கள்.